பசி என்ற சொல் இல்லாத அறிக்கை

விசாரணைக் குழுவின் அறிக்கை நேற்றுத் தபாலில் வந்தது. பதினோரு பக்கம். மூன்று முறை படித்தேன். 'இரவு நேர அசௌகரியம்' என்று இருக்கிறது. 'ஊட்டத் தேவை' என்று இருக்கிறது. 'விடுதிக் காப்பாளரின் கவனக்குறைவு' ஒன்பது இடத்தில் இருக்கிறது. பசி என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. ஒரு பெண் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதைப் பற்றி ஏழு மணி நேரம் விசாரித்தவர்கள், அந்த ஒரு சொல்லை எழுதாமல் எப்படிப் பதினோரு பக்கத்தை நிரப்பினார்கள் என்று தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தெட்டு. சேலத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியின் பெண்கள் விடுதியில் பதினாறு வருடம் வார்டனாக இருந்தேன். நூற்றுப்பத்துப் பெண்கள், ஒரு மெஸ், இரண்டு மாடி, எண்ண முடியாத எலிகள். நான் குண்டு. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் தாளாளர் தணிகாசலம் இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் உடல்நலத் திட்டம் கொண்டுவந்தார். எடை கூடியிருக்கிற ஊழியர்கள் ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது. எல்லோரையும் கூட்டி வைத்து இதை அறிவித்தார். அறிவிக்கும்போது அவர் பார்த்தது என்னை மட்டும்தான். நர்சுகளை உருவாக்குகிற இடத்தில் வார்டனே இப்படி இருந்தால் பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

பகல் எனக்குப் பிரச்சினையே இல்லை. காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ, ராத்திரி ஒரு சப்பாத்தி. எல்லோரும் மெச்சினார்கள். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டு அறைக்கு வந்தால் ஆரம்பிக்கும். பதினோரு மணிக்கு வயிற்றுக்குள் யாரோ உட்கார்ந்து பிறாண்டுவார்கள். பீரோவில் ஒரு தட்டுவடைப் பொட்டலம் இருக்கும், மொறுமொறுவென்ற சின்னத் தட்டை. யாராவது விருந்தாளி வந்தால் கொடுக்கலாம் என்று எனக்கு நானே பொய் சொல்லி வாங்கி வைத்தது. விருந்தாளி ஒருநாளும் வந்ததில்லை. பதினொன்றரைக்கு நான் கேரட் துருவுவேன், பீட்ரூட் துருவுவேன், இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னியும் புதினாச் சட்னியும் தடவி செட் போடுவேன். எட்டு செட், சில நாள் பத்து. சாப்பிட்டு முடித்து விளக்கை அணைத்த பிறகு அழுகை வரும்.

இதற்கு வழி சொல்லாத ஆள் இல்லை. போனில் கல்லூரி கட்டாயப்படுத்திப் போட வைத்த ஒரு செயலி இருந்தது. இரவு பதினோரு மணிக்கு அது பேசும். 'இது பசி இல்லை, வெறும் ஆசை. ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பல் தேயுங்கள். இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள், போய்விடும்.' நான் ஒரே ராத்திரியில் மூன்று முறை பல் தேய்த்திருக்கிறேன். மூன்று முறையும் பேஸ்ட் வாசனையோடு தட்டுவடை தின்றிருக்கிறேன். ஆறு மாதத்தில் நான் குறைத்தது ஒன்றரைக் கிலோ.

அப்போதுதான் 'நிறைவு' என்ற கம்பெனி வந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்றை வைப்பார்கள். கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது, நாங்கள் மொச்சை என்றே சொன்னோம். தாளாளர் முதலில் வைத்துக்கொண்டார். பிறகு பிரின்சிபால், அப்புறம் டிரஸ்டிகள். பிறகு எங்கள் முறை வந்தது. செலவு கல்லூரியுடையது. கம்பெனியிலிருந்து வந்த கௌதமன் என்ற பையனிடம் இது எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன்.

"பசி வயித்துல இல்ல மேடம், மூளையில இருக்கு. ராத்திரி ஒம்பது மணில இருந்து காலைல ஆறு வரைக்கும் அந்தச் சத்தத்தை மட்டும் கொறச்சு வெக்கிறோம். ரேடியோ சத்தத்தைக் கொறைக்கிற மாதிரி."

"அப்ப எனக்குப் பசிக்காதா?"

"பசிக்கும் மேடம். உங்களுக்குக் கேக்காது."

கெட்டிக்காரப் பையன் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் ராத்திரி பதினோரு மணி வந்தது, போனது. ஒன்றுமே நடக்கவில்லை. பீரோவைத் திறந்து தட்டுவடைப் பொட்டலத்தைப் பார்த்தேன். அது ஒரு காகிதப் பொட்டலம், அவ்வளவுதான். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கத்தை இருபது வருடத்தில் தூங்கியதில்லை. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினேன். தாளாளர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்க வைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

இனி நிறைமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிறைமதி இரண்டாம் வருட மாணவி, பத்தொன்பது வயது, சின்னசேலம் பக்கம் ஒரு கிராமம். அப்பா ஏழுமலை போர்வெல் வண்டியில் வேலை செய்கிறவர். அம்மா இல்லை. விடுதியில் சேர்த்த அன்று ஏழுமலை எல்லோரும் போகும் வரைக்கும் காத்திருந்து, என் அறை வாசலில் நின்றுகொண்டு ஒரு விஷயம் சொன்னார். பெண்ணுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. தினம் நான்கு ஊசி. சில சமயம் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், உடனே ஏதாவது சாப்பிட வேண்டும்.

"ஊருக்குள்ள யாருக்கும் தெரியாதுங்க மேடம். சொந்தத்துலயே ஒரு எடம் பேசி வெச்சிருக்குது. தெரிஞ்சா முறிச்சுக்குவாங்க. உங்களோட இருக்கட்டுங்க."

ஒரு நர்சிங் கல்லூரிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணின் நோயை மறைக்கச் சொல்கிறார், நானும் தலையாட்டினேன். கல்லூரி டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும், அறைத்தோழிகளிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணம் என்று ஒருவர் சொன்னால் நம் ஆட்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் வாய் மூடிக்கொள்ளும். எனக்கும் மூடிக்கொண்டது. சர்க்கரை அளவு காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டினால் மற்ற பெண்கள் கண்ணில் பட்டுவிடும் என்று அதையும் வேண்டாம் என்று விட்டார்கள்.

எலித் தொல்லையால் அறைகளில் தின்பண்டம் வைக்கக் கூடாது என்பது விடுதி விதி. அதனால் அவளுடைய குளுக்கோஸ் டப்பாவும் பிஸ்கட்டும் என் பீரோவில் இருந்தன. சாவி என் இடுப்பில். நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ராத்திரி எந்நேரமானாலும் அவள் வந்து கதவைத் தட்டி, பசிக்குதுங்க மேடம் என்று மட்டும் சொல்ல வேண்டும். பக்கத்தில் யார் நின்றாலும் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நான் கேள்வி கேட்காமல் எழுந்து கொடுக்க வேண்டும்.

மொச்சை வைப்பதற்கு முன்பு பதினான்கு முறை வந்திருக்கிறாள். பதினான்கு முறையும் இரண்டாவது தட்டலுக்கு முன்பு எழுந்துவிட்டேன். மேலுதட்டில் வியர்வை பூத்திருக்கும், விரல் நடுங்கும். குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, நடுக்கம் நிற்கும் வரைக்கும் என் கட்டிலில் உட்கார வைப்பேன். பிறகு இரண்டு பேருக்குமாகச் செட் போடுவேன். அவளுக்குப் புதினாச் சட்னி தூக்கலாக வேண்டும். நான் எட்டு செட் தின்பதைப் பார்த்துவிட்டு, நீங்க நல்லா பண்றீங்க மேடம், கடை வெச்சிடலாம் என்பாள். அந்த வேளைகளில் மட்டும் நான் சாப்பிட்டது எனக்கு அவமானமாகத் தெரிந்ததில்லை.

மொச்சை வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது மெஸ் சமையல்காரர் குப்பண்ணன் ஒருநாள் சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டே சொன்னார், "இப்பல்லாம் சாப்ட்டீங்களான்னு நீங்க யாரையுமே கேக்கறதில்லீங்க மேடம்." பதினாறு வருடமாக நான் காலை வணக்கம் சொன்னதில்லை, சாப்டியா என்றுதான் கேட்பேன். அது நின்றுபோனதே எனக்குத் தெரியவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதே மாதம்தான் சாயங்காலச் சுண்டலை நிறுத்தலாம் என்று நானே தாளாளருக்கு எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் அது தேவைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. மாணவிகள் வந்து கெஞ்சியபோது, இவர்கள் ஏன் இந்த முகத்தோடு நிற்கிறார்கள் என்று யோசித்தேன்.

செப்டம்பர் பதினெட்டு. ராத்திரி பன்னிரண்டே முக்கால். மொச்சை வைத்த பிறகு முதல் முறையாகக் கதவு தட்டப்பட்டது. நான் எழுந்து திறந்தேன்.

"மேடம், பசிக்குதுங்க."

மேலுதட்டில் வியர்வை இருந்தது. விரல்கள் நடுங்கின. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்தேன். தூக்கக் கலக்கம் என்று குழுவில் எனக்காக யாரோ சொன்னார்கள், பொய். நான் தெளிவாக விழித்திருந்தேன். பார்த்தேன், கேட்டேன், அதற்கு அப்புறம் எனக்குள் ஒன்றுமே எழவில்லை. பதினான்கு முறை என்னைக் கட்டிலிலிருந்து தூக்கி எறிந்த அந்தச் சொல் காதில் விழுந்து அங்கேயே கிடந்தது.

"அது பசி இல்லம்மா," என்றேன். "வெறும் ஆசை. ஒரு டம்ளர் தண்ணி குடி. பல்லத் தேச்சிட்டு இருபது நிமிஷம் பொறுத்துப் பாரு. போயிடும்."

"இல்லீங்க மேடம். பசிக்குதுங்க."

"காலைல ஏழரைக்கு டிபன். போய்ப் படு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சரிங்க மேடம் என்று போய்விட்டாள். சர்க்கரை இறங்கினால் புத்தி குழம்பும், யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சிறிது நேரத்தில் வராந்தாக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஐந்து பத்துக்கு அறைத்தோழி பார்த்துக் கத்தினாள். குழாயடியில் விழுந்து கிடந்தாள். குழாய் திறந்தே இருந்தது, பிரஷ் கையில் இருந்தது. நான் சொன்னபடியே அவள் பல் தேய்த்திருக்கிறாள்.

சாகவில்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். பத்தொன்பது நாள் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்கு மணி நேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்த மூளை பழையபடி வரவில்லை. அப்பாவை அடையாளம் தெரிகிறது. பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். எதையும் கேட்பதில்லை.

அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹபீபிடம்தான், ஆறாம் நாள், எனக்கு வைத்த மொச்சையை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. எல்லோரும் என்னைக் கொலைகாரி போலப் பார்த்தார்கள், நான் என்னை அப்படிப் பார்க்க முயன்று கொண்டிருந்தேன், முடியவில்லை. வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது. அவர் கத்தியை வைப்பதற்கு முன்பு என்னிடம் பேசினார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கேஸ் பாத்துட்டேன்மா. ஒண்ணு, கைக்குழந்தையோட ஒரு தாய். ராத்திரி பால் குடுக்க எந்திரிக்கவே இல்ல. புள்ள அழுதது அவங்களுக்குக் கேட்டிருக்கு. எதுக்கு அழுவுதுன்னு தெரியல."

"எப்படி டாக்டர் அப்படி ஆகும்? என் பசியத்தானே அமுக்குது?"

"உங்க பசிய எந்த எடத்துல உணர்றீங்களோ, அந்த எடத்த வெச்சுத்தான் அடுத்தவங்க பசியையும் புரிஞ்சுக்கறீங்க. தனித்தனியா ரெண்டு எடம் கெடையாது. ஒண்ண அணைச்சா ரெண்டும் அணைஞ்சுடும். இன்னொண்ணு சொல்றேன். நாலு மாசம், ஒரு வருஷம்னு தெனமும் அணைச்சே வெச்சா, பகல்லயும் அது முழிச்சுக்கறதில்ல."

கம்பெனிக்கும் அரசுக்கும் இதை எழுதி அனுப்பியதாகவும், ஆதாரம் போதாது என்று பதில் வந்ததாகவும் சொன்னார். பிறகு நான் ஒரு நாளில் என்னென்ன சாப்பிட்டேன் என்று விசாரித்தார். கொள்ளுக் கஞ்சி, வெள்ளரிக்காய், ஒரு சப்பாத்தி என்று ஒப்பித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பகல் பூரா பட்டினி கெடந்தா ராத்திரி பசிக்காம என்னம்மா செய்யும்? மத்தியானம் ஒழுங்கா சோறும் பருப்பும் முட்டையும் சாப்ட்டிருந்தா இதுல பாதி பசி வந்திருக்காது. இதுக்கு ஒரு மெஷினா?" இதை என் ஆயுசில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. தண்ணீர் குடி, பல் தேய் என்றுதான் சொன்னார்கள்.

மொச்சையை எடுத்து மூன்றாம் நாள் ராத்திரி எனக்குப் பசித்தது. பதினோரு மணிக்கு, பழைய இடத்தில், பழைய பிறாண்டல். எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுநொடியே அவள் முகம் வந்தது, வியர்வையும் நடுக்கமுமாக. மேடம், பசிக்குதுங்க. அவள் என்ன சொன்னாள் என்பது அப்போதுதான் எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் முதல் மாடிப் பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள்.

போலீசுக்குப் போகாமல் உள்ளுக்குள்ளேயே விசாரித்துக்கொள்வதாகக் கல்லூரி ஏழுமலையிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை விசாரணை வைத்தார்கள். குழுவில் ஐந்து பேர். தாளாளர், பிரின்சிபால், இரண்டு டிரஸ்டிகள், 'நிறைவு' கம்பெனியின் அதிகாரி ஒருவர். குற்றம் சாட்டப்பட்ட பொருளைச் செய்தவனே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஐந்து பேருக்கும் கழுத்தெலும்புக்குக் கீழே மொச்சை இருந்தது. ஒருவருக்கும் அதை வைத்து ஒரு வருடத்துக்குக் குறையாது.

அதை வைத்துத்தான் நான் திட்டம் போட்டேன்.

கல்லூரியில் நிர்வாகக் கூட்டம் என்றால் பதினோரு மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சாப்பாடு. மெஸ்ஸுக்குப் போன் பண்ணி வரவழைப்பது பதினாறு வருடமாக என் வேலை. இந்த முறை நான் குற்றவாளி, என்னால் போன் பண்ண முடியாது, அந்த வேலையை வேறு யாரிடமும் யாரும் ஒப்படைக்கவும் இல்லை. முதல் நாளே குப்பண்ணனிடம் ஏழு பேருக்குச் சமைத்துத் தயாராக வைக்கச் சொன்னேன். யாராவது கேட்டால் அனுப்பு, கேட்காமல் ஒரு டம்ளர் டீகூட அனுப்பாதே என்றேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. நிறைமதிக்குத் தினமும் இட்லியில் நெய் ஊற்றிக் கொடுத்தவர் அவர்.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு மஞ்சள் பை. கடைசியில் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். என்னை நிற்க வைத்தே கேட்டார்கள். எத்தனை மணிக்குத் தட்டினாள், சாவி எங்கே இருந்தது, நோயை ஏன் மறைத்தேன். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். பதினோரு மணி ஆனது. டீ வரவில்லை. ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு மெஸ் மணி அடித்தது. ஜன்னல் வழியாகச் சாம்பார் வாசனை வந்தது. வராந்தாவில் பெண்கள் தட்டோடு ஓடும் சத்தம் கேட்டது. ஐந்து பேரும் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு என் வயிறு உரக்கக் கத்தியது. பிரின்சிபால் நிமிர்ந்து, என்ன சத்தம் அது என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மூன்று மணிக்கு ஏழுமலை பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். ஒருமுறை பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இன்னும் ஒரு மணி நேரம், உங்கள் பெண்ணுக்காகத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான்கு பத்துக்குக் கம்பெனி அதிகாரி எழுந்து பேசி முடித்தார். கருவி இரவில் மட்டுமே இயங்கும், அணிந்தவரின் பசியை மட்டுமே குறைக்கும், மற்றவர் தேவையை உணர்வதை அது பாதிக்கிறது என்பதற்கோ, பகலில் அதன் விளைவு நீடிக்கிறது என்பதற்கோ ஆதாரமே இல்லை என்றார். தாளாளர் பேனாவை மூடினார். நான் கேட்டேன்.

"ஐயா, இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு டிரஸ்டி கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேஜையிலிருந்த போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு மெஸ்ஸைக் கூப்பிட்டேன். இன்றைக்கு இந்த அறையிலிருந்து எத்தனை பேர் சாப்பாடு கேட்டார்கள் என்று குப்பண்ணனிடம் கேட்டேன்.

"ஒருத்தருங் கேக்கலீங்க மேடம். ஏழு பேரு சோறும் ஆறிக் கெடக்குது."

அவ்வளவுதான், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதைவிட ஆதாரம் வேறென்ன வேண்டும்? இல்லை என்று அவர்கள் சொன்ன ஆதாரம் அவர்கள் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "பரவால்லியே. ஆறு மணி நேரம், நடுவுல எந்திரிக்காம உக்காந்திருக்கோம்," என்றார். ஒரு டிரஸ்டி தலையாட்டினார். கம்பெனி அதிகாரி ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். அது இப்போது அறிக்கையின் பத்தாம் பக்கத்தில் இருக்கிறது. குழு இடைவேளையின்றிப் பணியாற்றியது பாராட்டுக்குரியது. கருவியின் பகல்நேரப் பயன் குறித்து நிறுவனம் மேலும் ஆராயலாம். மாணவிகளுக்கும் இதைப் பொருத்தினால் இரவு நேர அசௌகரியங்களைத் தவிர்க்கலாம். இதைத்தான் அந்தப் பெண் குழாயடியில் விழுந்து கிடந்ததிலிருந்து இவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகு நான் கத்தியதை அறிக்கை 'தகாத சொற்கள்' என்கிறது. ஆமாம், தகாத சொற்கள்தான். எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். வருத்தம் இல்லை. ஐந்து மணிக்கு முடித்தார்கள். நேரமின்மையால் ஏழுமலையை விசாரிக்கவே இல்லை. ஐந்து பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள். நான் அவரை மெஸ்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

குப்பண்ணன் சாம்பாரைச் சுட வைத்துப் போட்டார். ஏழுமலை முதல் ஐந்து பிடியை வேகமாக விழுங்கினார். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று கூச்சப்பட்டு மெதுவாகச் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தேன். என் தட்டில் கை வைக்காமல் அவரிடம் என் திட்டத்தை விவரித்தேன். டீயை நிறுத்தியது, சாப்பாட்டை நிறுத்தியது, ஒவ்வொரு மணியாக நான் எண்ணியது, அவர்கள் வாயடைத்து நின்றது. டாக்டர் ஹபீபிடம் இதைச் சாட்சியாகச் சொல்லி மேலே கொண்டுபோகலாம் என்றேன். ஏழுமலையின் கை சோற்றில் நின்றது.

"அப்ப நான் சாப்பிடாம உக்காந்திருந்தது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்," என்றேன்.

அவர் கோபப்பட்டிருக்கலாம். எச்சில் கையோடு எழுந்து போயிருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

"நேத்து மத்தியானம் சாப்ட்டதுங்க. காலைல புள்ளைக்கு ஊட்டிட்டு அப்பிடியே பஸ் ஏறிட்டேன். எங்கனா ஒரு வாய் சோறு கெடைக்குமான்னு கேக்கலாமுன்னு எந்திரிச்சேனுங்க. எம் பொண்ணு வாயத் தொறந்து ரெண்டு தடவை கேட்டாளாமே, அவளுக்கே கெடைக்கலையேன்னு நெனச்சேன். உக்காந்துட்டேன்."

குப்பண்ணன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். ஏழுமலை சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, ஆறரை பஸ்ஸுக்குப் போனார்.

தாளாளரைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, பல் தேய்க்கச் சொன்ன செயலியைப் பற்றி நான் எழுதியது எல்லாம் உண்மை, ஒரு வரியையும் திரும்ப வாங்க மாட்டேன். ஆனால் அந்த வியாழக்கிழமை என் கழுத்தெலும்புக்குக் கீழே எதுவும் இல்லை. தையல் பிரித்த வடு மட்டும்தான் இருந்தது. எனக்குப் பசித்தது, அவருக்குப் பசிப்பதும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்துதான் உட்கார வைத்தேன். இதைப் பன்னிரண்டாம் பக்கமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களுக்கு அனுப்புகிறேன்.